பனிமலையில் அண்ணாந்து குடித்தது

எங்கள் பக்கம் ஏறுவதற்கு மலை கிடையாது. கண்மாய்க்கரைதான் உயரம். அதில் நடந்துதான் நானும் என் வீட்டுக்காரியும் இமயமலைக்குப் பழகினோம்.

நான் எம்.ரெட்டியபட்டிக்காரன். டிராக்டரில் தண்ணி டேங்கர் மாட்டி ஓட்டுகிறேன். கோடை வந்தால் திருச்சுழி வரைக்கும் போய் ஊற்றுவேன். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. அவள் அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். எனக்கு மாமன் மகள்.

காலேஜில் படிக்கும்போது அவளை வடக்கே ஒரு பனிமலை ஏறத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அடிவாரம் வரைக்கும் போய்விட்டாள். அங்கே போன் வந்திருக்கிறது. கல்யாணம் பேசி முடித்தாச்சு, உடனே கிளம்பி வா என்று. வந்துவிட்டாள். மாப்பிள்ளை நான்தான்.

இது எனக்குத் தெரியாது. அந்த மலையைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசினதில்லை. கல்யாணமாகி இருபது வருசம் ஆன பிறகு, ஒரு விசேஷ வீட்டுப் பந்தியில் அவள் தம்பி சொன்னான்.

"மச்சான், ஒங்களுக்குக் கழுத்த நீட்டத்தான் அக்கா மலையடிவாரத்துல இருந்து திரும்பி வந்துச்சு, தெரியும்ல?"

பாயசத்தை வழித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு அது ஒரு பேச்சு. எனக்கு அன்றைக்குப் பாயசம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டேன். அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த மலைக்குப் போகணும்னு இன்னும் இருக்கா?"

"எந்த மலை?"

"தெரியாத மாதிரி கேக்காத."

கத்தி நிற்கவில்லை. வெண்டைக்காய் எல்லாம் முடிந்த பிறகு சொன்னாள்.

"நீங்களும் வந்தாப் போகலாம்."

அவ்வளவுதான் பேச்சு.

மலைக்குக் கூட்டிப்போகிற ஆட்களை மகள் போனில் தேடிப் பிடித்தாள். சென்னையில் படிக்கிறாள். அந்த மலைக்கு இப்போது ஆள் விடுவதில்லை, வேறொன்று இருக்கிறது, லடாக்கில் உள்ளே தள்ளி, ஆள் அதிகம் போகாத இடம் என்றார்கள். பெரிய உயரம், முதலில் ஒரு சின்னப் பனிமலை ஏறிக் காட்டுங்கள் என்றார்கள். ஒரு லீவில் போய் ஏறிக் காட்டினோம். அது வழி நெடுக ஓடை ஓடுகிற மலை. கையில் அள்ளிக் குடித்தேன். ஒன்றும் செய்யவில்லை.

பிறகு பெரிய மலைக்குப் பழகினோம். முதுகுப் பையில் மணலை நிரப்பிக்கொண்டு, வெயிலில் அந்தக் கனத்த ஷூவைப் போட்டுக்கொண்டு, கண்மாய்க்கரை மேல் போவதும் வருவதும். கண்மாயில் பொட்டுத் தண்ணி கிடையாது. ஆடு மேய்க்கிற ஒரு சித்தி கரை மேல் நின்று பார்த்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் பொறுக்காமல் என் வீட்டுக்காரியிடம் கேட்டது.

"ஏத்தா டீச்சரு, மூட்டையில என்ன?"

"மணலு, சித்தி."

"எங்கிட்டுக் கொண்டுபோற?"

"மதகு வரைக்கும்."

"அங்க கொட்டப் போறியா?"

"இல்ல. திரும்பக் கொண்டாருவேன்."

சித்தி மூட்டையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"நல்ல புள்ளையாத்தான இருந்துச்சு. நீ என்னய்யா பண்ணித் தொலச்ச?"

டீக்கடையில் என் வயசுக்காரர்களும் விடவில்லை. "ஏலே, இங்கன வண்டியில இருந்து எறங்கவே ரெண்டு பேரு தூக்கி விடணும். நீ இமயமலையா?" என்றான் ஒருத்தன். நான் டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

கிளம்பினோம். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் ஜீப், அப்புறம் நடை. சாமான்களைக் குதிரை சுமந்தது. லடாக்கைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். பச்சை என்று ஒன்று கண்ணில் படவில்லை. மண்ணும் கல்லும்தான்.

"நம்ம ஊரு மாதிரிதான இருக்கு" என்றேன்.

"கருவேலமுள்ளு மட்டும் இல்ல" என்றாள். வழியெல்லாம் சிரித்த முகமாக வந்தாள். அவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

எங்களோடு பெங்களூரில் கம்பெனி வேலை பார்க்கிற மூன்று பேர் வந்தார்கள். கூட்டிப்போகிற தலைவர் லடாக்கிலேயே பிறந்தவர். பட்டாளத்தில் இருந்தவர். அங்கே மதுரைப் பக்கத்து ஆட்களோடு கிடந்ததில் கொஞ்சம் தமிழ் பேசுவார். என்னை அண்ணே என்பார், அவளை அக்கா என்பார். முதல் நாளே சொன்னார்.

"அண்ணே, மலையில மூணு வேல. மெதுவா நட. தூங்கு. தண்ணி குடி. நிறைய குடி."

முதல் இரண்டும் எனக்கு வரும். மூன்றாவதில்தான் வந்தது வினை.

எங்கள் ஊரில் பாட்டிலிலோ செம்பிலோ வாய் வைத்துக் குடிக்க மாட்டோம். அண்ணாந்து, வாய்க்கு மேலே பிடித்து ஊற்றிக்கொள்வோம். நாலு பேர் குடிக்கிற தண்ணியில் எச்சில் படக்கூடாது. இன்னொன்றும் உண்டு. வெளியே போகும்போது கொண்டுபோகிற தண்ணியை, வீடு வந்து சேருகிற வரைக்கும் காலி பண்ண மாட்டோம். ஒரு வாயாவது மிச்சம் இருக்கும். ஊர் ஊராகத் தண்ணி ஊற்றுகிற எனக்கும் அப்படித்தான். அவளுக்கு வாய் வைக்கிற பழக்கம் காலேஜ் காலத்திலேயே வந்துவிட்டது. மிச்சம் வைக்கிறது மட்டும் போகவில்லை.

அண்ணாந்து குடிக்க மூச்சைப் பிடிக்க வேண்டும். ஊரில் அது தெரியாது. மேலே போகப் போகத் தெரிந்தது. இரண்டு மடக்கு ஊற்றுவதற்குள் நெஞ்சு அடைத்தது. தலை கிறுகிறுத்தது. காற்று தண்ணியைத் தட்டிவிட்டுத் தாடியில் அடித்தது. கோட்டு மேல் விழுந்தது அப்படியே கண்ணாடி மாதிரி உறைந்து ஒட்டிக்கொண்டது. அதனால் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொண்டேன்.

பனிக்கு மேலே கூடாரம் போட்ட பிறகு அதுவும் குறைந்தது. அங்கே ஓடை கிடையாது. சமையல்காரர் பனியை வெட்டி, சாக்கில் அள்ளி வந்து, அடுப்பில் வைத்து உருக்குவார். ஒரு சட்டி நிறையப் பனி போட்டால் ஒரு செம்புத் தண்ணி வரும். குனிந்து குனிந்து அந்த மனுசன் மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு மடமடவென்று குடிக்க மனம் வரவில்லை. உறையாமல் இருக்கப் பாட்டிலைக் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அதனால் எவ்வளவு குறைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

கடைசிக் கூடாரத்துக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் உச்சி. என் தலைக்குள் டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாந்தி எடுத்தேன். தலைவர் வந்து ரத்தத்தில் காற்று எவ்வளவு என்று காட்டுகிற கிளிப்பை விரலில் மாட்டிப் பார்த்தார். அவர் முகம் சரியில்லை. கோட்டுக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தார். முக்கால்வாசி இருந்தது.

"அண்ணே, இது காலையில குடுத்தது?"

"ஆமா."

"ஏன் குடிக்கல?"

"சமையக்காரரு கஷ்டப்பட்டு உருக்குறாரு."

அவருக்கு விளங்கவில்லை. என் வீட்டுக்காரி தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். சமையல்காரர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பெங்களூர்க்காரர் ஒருவர் தமிழர். "சார், நீங்க தண்ணி வண்டிதான ஓட்டுறீங்க?" என்றார். ஆமா என்றேன்.

தலைவர் சுருக்கமாகச் சொன்னார். "அண்ணே கீழ. இப்பவே. என் ஆளு கூட வருவான். அக்கா நாளைக்கு மேல."

அவர் வெளியே போனதும் அவள் தன் தூங்குகிற பையைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

"என்ன சுருட்டுற?"

"ஒங்களோட வாரேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? வழியில விழுந்து கெடந்தா யாரு பாக்குறது?"

"அதான் ஆளு அனுப்புறாகள்ல."

"அவுக யாரோ. நான் யாரு?"

 தலை விண்விண் என்றது. ஆனால் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. அவள் இப்போது இறங்கினால் இனி ஏற மாட்டாள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, எந்த மலை என்று கேட்பாள்.

"ஒருக்கா எனக்காகத் திரும்பிட்ட. போதும்" என்றேன்.

கை நின்றது.

"ஒங்களுக்காகன்னு எவன் சொன்னான்? அப்பா வரச் சொன்னாரு, வந்தேன். மாப்பிள்ள நீங்கன்னு வீட்டுக்கு வந்த பெறகுதான் தெரியும்."

"தெரிஞ்சதும்?"

"தெரிஞ்சதும் என்ன. சரி, தண்ணிக்குப் பஞ்சம் இருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

சிரித்துவிட்டேன். சிரித்தால் மண்டை பிளந்தது. அவளும் சிரித்தாள். பிறகு அழுகை மாதிரி வந்தது. அடக்கிக்கொண்டாள். வெளியே போய் சமையல்காரரிடம் பாட்டிலில் வெந்நீர் நிரப்பி வாங்கி வந்தாள்.

"மச்சான், இந்தாங்க. முழுசும் குடிக்கணும். மெதுவா, வாய் வச்சு. குடிச்சுப்புட்டு, தள்ளாடாம அந்தப் பாறை வரைக்கும் நடந்து காட்டுங்க. நான் இங்கன நின்னு பாப்பேன். ஒரு அடி கோணுச்சு, பின்னாலயே வந்துருவேன்."

"இது நீ குடிக்கிற பாட்டிலு. எச்சியாகும்ல."

"காலேஜுக்குப் போற புள்ள இருக்கு. இப்ப வந்து எச்சிங்கிறீக."

வாய் வைத்துக் குடித்தேன். பழக்கமில்லாத வேலை. பால் பாட்டில் குடிக்கிற குழந்தை மாதிரி இருந்தது. மூச்சு முட்டவில்லை. கீழே சிந்தவில்லை. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. அவள் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரைக்கும் பார்த்தாள். பாட்டிலை வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். சொட்டு விழவில்லை.

"ம். எந்திரிங்க."

பாறை தூரமில்லை. அன்றைக்கு அது திருச்சுழி தூரம் இருந்தது. காலை வைத்தால் தரை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கண்மாய்க்கரை மேல் நடக்கிறதாக நினைத்துக்கொண்டேன். முதுகில் மணல் இருக்கிறது, சித்தி பார்க்கிறது, டீக்கடைச் சேக்காளிகள் பார்க்கிறார்கள். நேராக நடந்தேன். பாறைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிக் கையை ஆட்டினேன். கூடார வாசலில் அவள் சிவப்புக் கோட்டோடு நின்றாள். அவளும் கையை ஆட்டினாள்.

பாறைக்குப் பின்னால் போனதும் முட்டி போட்டு உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். கூட வந்தவர் என் வயசு ஆள். என் தோளைப் பிடித்துக்கொண்டார். மேலே எட்டிப் பார்த்தார், அவள் பார்க்கிறாளா என்று. பார்க்கவில்லை என்று கையை அசைத்தார். அவரும் கல்யாணமானவர்தான் போல.

கீழே இறங்க இறங்கத் தலையில் ஓடிய மோட்டார் நின்றது. அடிவாரக் கூடாரத்துக்கு வந்ததும் கஞ்சி குடித்தேன், தூங்கினேன்.

மறுநாள் பூராவும் மலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உச்சி அங்கிருந்து தெரியாது. ஒரு முகடுதான் தெரியும். அதில் வெள்ளையாகக் காற்று புகைந்தது. அந்தக் காற்றில் அவள் நடக்கிறாள். எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. தண்ணி குடித்தேன். ஒரு பாட்டில் முடிந்தால் இன்னொரு பாட்டில். வாய் வைத்துத்தான். நான் குடிப்பது அவளுக்குத் தெரியாதுதான். இருந்தாலும் குடித்தேன்.

வெயில் சாய்கிற நேரம், சரளைக்கல் சரிவில் ஆட்கள் தெரிந்தார்கள். சிவப்புக் கோட்டைத் தேடினேன். கடைசிக்கு முந்தின ஆளாக வந்தாள். அவளுக்குப் பின்னால் தலைவர். கோட்டெல்லாம் அழுக்கு. மூக்கு கருத்து, உதடு வெடித்துப்போயிருந்தது. கண்மாய்க்கரையில் நடக்கிற அதே நடைதான். போய் எதிரில் நின்றேன்.

"ஏறிட்டியா?"

"ம்."

"நல்லது."

முதுகுப் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். கல் மேல் உட்கார்ந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"தலவலி?"

"போயிருச்சு."

"பாறைக்குப் பின்னால வாந்தி எடுத்தீகளா?"

 ஒரே ஒரு வாந்தி என்றேன்.

"தெரியும். தெரிஞ்சுதான் போனேன்" என்றாள். பிறகு மலையைத் திரும்பிப் பார்த்தாள்.  "மேல இம்புட்டுத்தான் எடம். நம்ம வீட்டு வாசலு அளவுதான். நின்னுட்டு வந்துட்டேன்."

தலைவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே குறை சொன்னார். "அண்ணே, அக்காவும் உன்ன மாதிரிதான். கீழ வந்தாச்சு, தண்ணி காலி பண்ணுன்னு நாலு தடவ சொன்னேன். பண்ணல."

அவள் கோட்டுக்குள் கையை விட்டுப் பாட்டிலை எடுத்தாள்.

"ஒங்ககிட்ட வந்து சேரலயேன்னு வச்சிருந்தேன்" என்று என்னிடம் நீட்டினாள்.

ஒரு வாய் இருந்தது. பழக்கதோஷம், கை தானாக மேலே போனது. அவள் பார்த்தாள். கையை இறக்கி, வாய் வைத்துக் குடித்தேன். அவளுடைய வெடித்த உதட்டு ரத்தம் லேசாகக் கரித்தது.

பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள்.