பதினாலு கிலோ அறுநூறு

இதில் வருகிற எண்களில் ஒன்றைக்கூட நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஹார்பர் பைபாஸில் உப்பு லாரிகளுக்கு எடை போடுகிற கிங்ஸ்டன் அண்ணாச்சிக்கு நடந்தது இது. அங்கே மூட்டை இறக்குகிற எங்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பதினெட்டு வருசமாக வே பிரிட்ஜில் உட்கார்ந்திருக்கிற மனுசன். எண்ணில் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சாட்சிக்கு அவர் வீட்டம்மா ஜெயஷீலா டீச்சரும் இருக்கிறார்.

அண்ணாச்சிக்கு நாற்பத்தி நாலு வயசு. எடை நூற்று நாற்பத்திரண்டு கிலோ. ராத்திரி தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். இருபதில் வரும், இருபத்தைந்தில் வரும். ஒரு ராத்திரி நாற்பது வரைக்கும் எண்ணியும் மூச்சு வரவில்லை. உலுக்கி எழுப்பின கையோடு, விடிந்ததும் டாக்டரைப் பார்க்கக் கூட்டிப்போய்விட்டார்.

திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போலத் தைத்துவிடுவார்கள். முதல் இரண்டு வாரம் தண்ணி ஆகாரம்தான். கால் மணிக்கு ஒருதரம், மருந்து மூடியால் முப்பது மில்லி. மோர், பருப்புத் தண்ணி, இளநீர்... அவ்வளவுதான். ஒரு வாய் சோறு போனாலும் தையல் பிரியும், பிரிந்தால் ஆள் தங்க மாட்டார் என்று டாக்டர் டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார். அண்ணாச்சியைப் பார்த்துச் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஆபரேஷன் நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அதே ஆபரேஷனுக்கு இன்னொருவரும் வந்திருந்தார். பத்ரிநாத் என்று பேர். ஆழ்வார்திருநகரியில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவர். பயந்த சுபாவம். காலையில் இரண்டு பேரையும் எடை பார்க்கக் கூப்பிட்டார்கள். பத்ரிநாத் முதலில் ஏறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சிக்கு வே பிரிட்ஜ் குறும்பு விடவில்லை. மேடையில் ஒரு வண்டி நிற்கும்போது பின்னால் வருகிற வண்டி முன் டயரை லேசாக ஏற்றிவிடும். எடை எகிறும். டிரைவர்மார் செய்கிற சேட்டை அது. அண்ணாச்சி பின்னால் நின்றபடியே இடது கால் விரல்களை மெஷின் மூலையில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். நர்ஸ் எண்ணைப் பார்த்து எழுதிக்கொண்டு போய்விட்டது.

“நேத்து வீட்ல பார்த்ததுக்கு ரொம்பக் கூடக் காட்டறதே, அண்ணாச்சி” என்றார் பத்ரிநாத்.

“பயத்துல ஏறியிருக்கும்” என்றார் அண்ணாச்சி.

சிரித்தார்கள். சொல்லிவிடலாம் என்றுதான் அண்ணாச்சி நினைத்தார். அதற்குள் பத்ரிநாத்தைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் இரண்டு பேரும் நல்லபடியாகத்தான் எழுந்தார்கள். வராந்தாவில் சேர்ந்து நடந்தார்கள். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கொடுத்து, குழாயில் மூச்சை இழுக்கச் சொன்னார்கள். இழுக்க இழுக்க பந்து மேலே போய் முட்டும். டக். அண்ணாச்சி மூன்றையும் ஏற்றிவிடுவார். பத்ரிநாத்துக்கு இரண்டுதான். டக்... டக்... மூன்றாவது அசையாது. “எனக்கு அவ்வளவுதான் தம்” என்பார். போன் நம்பர் வாங்கிக்கொண்டு பிரிந்தார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வயிற்றில் பசி இல்லை. மண்டையில்தான் பசி. படுத்தால் தையல் இழுக்கும், உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். ஹாலிலிருந்து அடுக்களை, அடுக்களையிலிருந்து வாசல்... பகல் முழுக்க நடை. ரத்தம் கட்டாமல் இருக்க தினம் வயிற்றில் ஒரு ஊசி. அதை டீச்சரே போட்டுவிட்டு ஸ்கூலுக்குப் போவார். போகும்போது அடுக்களை அலமாரியைப் பூட்டி, சாவியை ஸ்கூல் அடையாள அட்டையோடு கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்.

கண்ணாடித் தட்டு வைத்த எடை மெஷின் ஒன்று புதிதாக வாங்கி ஹால் மூலையில் போட்டிருந்தார்கள். அண்ணாச்சி எந்த மெஷினையும் சும்மா நம்ப மாட்டார். இருபது லிட்டர் தண்ணி கேனை வைத்துப் பார்த்தார். இருபது புள்ளி ஏழு. கேனோடு சேர்த்துச் சரி.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. காலையில் எடை நூற்று முப்பது புள்ளி ஐந்து. டீச்சர் நோட்டில் எழுதிவிட்டு ஸ்கூலுக்குப் போனார்.

மத்தியானம் கரண்ட் இல்லை. வெளியே உப்பளத்து வெயில் கண்ணைக் குத்துகிறது. அண்ணாச்சி நடந்துகொண்டிருந்தார். மணி மூன்று பத்து. சும்மா மெஷினில் ஏறினார்.

நூற்று நாற்பத்தைந்து புள்ளி ஒன்று.

இறங்கினார். மறுபடி ஏறினார். அதே எண். ஆபரேஷனுக்கு முன்னால்கூட அவ்வளவு எடை கிடையாது. கால் மணி கழித்து ஏறினார். நூற்று முப்பது புள்ளி நாலு. பாட்டரி வீக்காக இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆனால் வே பிரிட்ஜ்காரர் மண்டை கழித்துப் பார்க்காமல் இருக்குமா? பதினாலு கிலோ அறுநூறு கிராம் கூட.

வெள்ளிக்கிழமை காலையில் நூற்று முப்பது புள்ளி ஒன்று. டீச்சர் மத்தியானம் ஸ்கூல் பரீட்சை முடிந்து மூன்று மணிக்கே வந்துவிட்டார். அண்ணாச்சி மெஷினில் நிற்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தார்.

நூற்று நாற்பத்தி நாலு புள்ளி ஏழு. மணி மூன்று பத்து.

டீச்சருக்கு முகம் செத்துப்போனது. சாவி கழுத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அப்புறம் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டார். தெருமுனைக் கடையிலே பொரிச்ச பரோட்டா வாங்கித் தின்கிறீர்களா, எந்த லாரிக்காரன் கொண்டுவந்து தருகிறான், பொறுப்பில்லாத பிள்ளையைப் படிக்க வைப்பதைவிட உங்களைப் பட்டினி போடுவது பாடாக இருக்கிறது என்று ஒரே பேச்சு. பேசிக்கொண்டே அழுதார்.

“மெஷின் பொய் சொல்லுதுளா” என்றார் அண்ணாச்சி.

“பதினெட்டு வருசமா மெஷின் பொய் சொல்லாதுன்னு சொல்லித்தானே சம்பளம் வாங்குதீங்க.”

அண்ணாச்சி பைபிளைத் தொட்டு, ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை என்றார். டீச்சர் பைபிளைப் பிடுங்கி உள்ளே வைத்தார்.

“எனக்கு உங்க மூச்சு வேணும். சத்தியம் வேண்டாம்.”

அன்று ராத்திரி டீச்சர் படுக்கவில்லை. பழையபடி உட்கார்ந்து மூச்சை எண்ணினார்.

அண்ணாச்சிக்கு அப்போதுதான் பத்ரிநாத் ஞாபகம் வந்தது. அவருக்கும் எடை இப்படி ஏறி இறங்குகிறதா? ஆமாம் என்று பதில் வந்தால் டீச்சருக்குக் காட்டலாம். வாட்ஸ்அப்பில் கேட்டார். இரண்டு டிக் விழுந்தது. நீலம் ஆகவில்லை.

சனிக்கிழமை. ஸ்கூல் லீவு. டீச்சர் காலையிலிருந்து அவரை விட்டு நகரவில்லை. கக்கூசுக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்றார். காலை எடை நூற்று இருபத்தொன்பது புள்ளி ஆறு. கண் முன்னாலேயே முப்பது முப்பது மில்லியாக மோர். வேறு எதுவும் இல்லை.

மூன்று மணிக்கு மெஷினைத் துணியால் துடைத்து, ஹால் நடுவில் இழுத்துப் போட்டார்.

மூன்று ஐந்து. இரண்டு பேரும் சோபாவில். மெஷின் எட்டடி தள்ளி.

மூன்று எட்டு. ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும்.

மூன்று பத்து.

டக்...

ஷோகேஸ் பக்கம் திரும்பினார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மூன்று பந்து டப்பா அங்கேதான் இருந்தது. குழாய் சுருட்டி ரப்பர் போட்டது போட்டபடி.

டக்...

இரண்டாவது பந்து மேலே நின்றது. மூன்றாவது அசையவில்லை.

டீச்சர் அண்ணாச்சி கையைப் பிடித்தார். “ஏறுங்க” என்றார்.

அண்ணாச்சி எழுந்து போய் ஏறினார்.

நூற்று நாற்பத்தி நாலு புள்ளி இரண்டு.

இறங்கினார்.

எண் அழிய வேண்டும். அழிந்தது... மறுபடி வந்தது.

14.6

மெஷினில் யாரும் இல்லை. காலி.

14.6

டீச்சர் குனிந்தார். கண்ணாடித் தட்டின் மூலையில் ஆவி படிந்த மாதிரி ஒரு தடம். முழுப் பாதம் இல்லை. விரல்கள் மட்டும். இடது கால்.

நாலு விரல்.

அண்ணாச்சிக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. வே பிரிட்ஜைச் சரிபார்க்கிற இருபது கிலோ படிக்கல் விழுந்து போனது அது, எட்டு வருசத்துக்கு முன்னால். அவர் தன் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் செருப்பு. ஏறும்போதும் செருப்போடுதான் ஏறினார்.

மூன்று பதிமூன்று. எண் அணைந்தது. பந்து இரண்டும் கீழே விழுந்தன. தடம் மட்டும் கொஞ்ச நேரம் இருந்து, காய்ந்து போனது.

டீச்சர்தான் முதலில் வாய் திறந்தார். உங்களைப் போய்த் திருடன் மாதிரி பேசிட்டேனே என்றார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பத்ரிநாத்துக்குப் போன் போடுங்க, அவருக்கும் இப்படி ஏதாவது உண்டா கேப்போம் என்றார்.

அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். ஆறேழு ரிங் போனபிறகு எடுத்தார்கள். பொம்பளைக் குரல். பத்ரிநாத் வீட்டம்மா சுப்ரஜா.

“அவர் போயிட்டார், அண்ணா.”

எப்போது என்று கேட்டது டீச்சர்தான்.

“வியாழக்கிழமை. உள்ளுக்குள்ளயே ரத்தம் கசிஞ்சிருக்கு. மத்தியானம் மூணு மணி இருக்கும்... மூணு பத்துன்னு சீட்டுல எழுதியிருக்கா.”

அந்தம்மா அழவில்லை. அழுது முடித்த குரல். கேட்காமலேயே சொல்லிக்கொண்டு போனார். கடைசி ரெண்டு நாளும் அவர் ஒன்றையே பினாத்தினாராம். கணக்கு வாத்தியார் இல்லையா, எண் உதைத்தால் விட மாட்டார்.

“முந்தின நாள் வீட்ல நூத்திப் பதினெட்டு புள்ளி மூணு. அங்க ஃபைல்ல நூத்தி முப்பத்திரண்டு புள்ளி ஒன்பது. ரத்தம் கட்டாம இருக்கப் போடற அந்த ஊசியை எடைக்குத் தகுந்த மாதிரிதானே அளந்து குடுப்பா, என்னோடது எந்த எடைக்கு அளந்ததுன்னு கேட்டுண்டே இருந்தார்... உங்ககிட்டகூடக் கேக்கணும்னார். அண்ணாச்சி எடைக்காரர், அவருக்குத் தெரியும்னார்.”

நூற்று முப்பத்திரண்டு ஒன்பதில் நூற்றுப் பதினெட்டு மூன்று போனால் எவ்வளவு என்று அண்ணாச்சிக்குக் காகிதம் வேண்டியதில்லை.

போன் கட்டானது. மணி மூன்று நாற்பத்தொன்று.

“அங்க எடை எப்படிங்க அவ்வளவு கூடுச்சு?” என்றார் டீச்சர்.

அவர் சுவரைப் பார்த்தார்.

“தெரியலளா.”

ஷோகேஸில்...

டக்.

டக்.

அப்புறம், அதுவரைக்கும் ஏறாதது...

டக்.

அண்ணாச்சி சொல்லிவிட்டார். இடது கால் விரலை வைத்தது, அழுத்தியது, சிரித்தது எல்லாம். டீச்சர் கடைசி வரைக்கும் கேட்டார். மடியிலிருந்த அவர் கையை எடுத்து, பக்கத்தில் சோபாவில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

இப்போது அண்ணாச்சி தொண்ணூற்றி எட்டு கிலோ. மூச்சு ஒழுங்காக வருகிறது. எண்ணுவதற்குப் பக்கத்தில் ஆள் இல்லை. டீச்சர் நாசரேத்தில் தங்கை வீட்டிலிருந்துதான் ஸ்கூலுக்குப் போய்வருகிறார்.

மத்தியானம் மூன்று மணி ஆனால் அண்ணாச்சி மேடையில் வண்டி ஏற்ற விட மாட்டார். எந்த லாரி வந்தாலும் ரோட்டோரம் நிற்க வேண்டியதுதான். திரையையும் பார்க்க மாட்டார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். நாங்கள் பார்த்திருக்கிறோம். அறுபது டன் மேடை. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும், நடுவில் உள்ள சில்லறை வராது, ஒரு ஆள் ஒற்றைக் காலை ஊன்றினால்தான் எண்ணே மாறும்.

மேடை காலியாகத்தான் கிடக்கும். வெயில் மட்டும் நிற்கும்.

மூன்று பத்துக்குத் திரையில் 10 என்று வரும். மூன்று பதிமூன்றுக்குப் போய்விடும்.