ஒரு வீட்டுக்கு ஒரு வேலை

அவரை ஊரில் எல்லோரும் ‘கம்பெனி’ என்றே அழைத்தார்கள். அவர் கம்பெனி எதையும் நடத்தியவர் அல்லர். எந்தக் கம்பெனியிலும் பங்கு வைத்திருந்தவரும் அல்லர். ‘கம்பெனி வரட்டும்’ என்பது அவர் வாயில் ஒட்டிக்கொண்ட சொல். கூரை ஒழுகினால் கம்பெனி வரட்டும். மனைவியின் மூக்குக்கண்ணாடி உடைந்தால் கம்பெனி வரட்டும். மகளைப் பெண் கேட்டு எவராவது படியேறினாலும் கம்பெனி வரட்டும். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மைத்துனர், அதாவது மனைவியின் தம்பி, இந்தப் பெயரைச் சூட்டினார். சூட்டியவருக்குச் செலவில்லை, சுமந்தவருக்கும் வருத்தமில்லை.

அவர் சொன்ன கம்பெனி, மின்சார வண்டிகளைச் செய்வதற்காக வரவிருந்த தொழிற்சாலை. இன்னும் சில ஆண்டுகளில் சாலையில் ஓடும் வண்டிகளில் பெரும்பங்கு மின்சாரத்தில் ஓட வேண்டும்; அவ்வண்டிகளும் அவற்றின் பேட்டரிகளும் உள்நாட்டிலேயே உருவாக வேண்டும் என்று அரசாங்கம் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது. வாங்குவோருக்கு மானியம், செய்வோருக்கு வரிச்சலுகை, ஆலை கட்ட வருவோருக்கு நிலம் என்று அத்திட்டம் விரிந்தது. மானியமும் சலுகையும் யாரைச் சேர்ந்தனவோ, தெரியாது. நிலம் மட்டும் இவருடைய தெருவின் பின்புறத்திலிருந்து போயிற்று. அவர் கத்தரியும் வெண்டையும் பயிரிட்டுவந்த கொல்லையும் அதில் அடங்கும்.

நிலம் எடுப்பதற்கு முன் பள்ளி மைதானத்தில் கூட்டம் நடந்தது. நில எடுப்பு அதிகாரி ஒலிபெருக்கியை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

“நிலம் குடுக்குற ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேலை. இது என் வாக்கு இல்லை, அரசாங்கத்தோட வாக்கு.”

எல்லோரும் கை தட்டினார்கள். பல வீடுகளில் அன்றைக்கே, வேலை மூத்தவனுக்கா இளையவனுக்கா என்று சண்டை மூண்டது. இவர் வீட்டில் அந்தத் தகராறு எழவில்லை. இருப்பது ஒரே மகள். வரப்போவதும் ஒரே வேலை. அளந்து தைத்த சட்டை போலப் பொருந்திவிட்டது என்று அவர் மகிழ்ந்தார்.

மகளுக்கு அப்போதுதான் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு அதில்தான் விருப்பம்.

“நர்ஸ் வேலை எந்த ஊர்லயும் கிடைக்கும்ப்பா” என்றாள்.

“அதைத்தாம்மா நானும் சொல்றேன். எந்த ஊர்லயும் கிடைக்கிறதுக்கு நீ எதுக்கு ஓடணும்? நம்ம கொல்லைப்புறத்துல வேலை வந்து நிக்குது. பேட்டரி படி. காலையில பல்லு விளக்கிட்டு நடந்தே போயிடலாம்.”

“எனக்கு ஊசி போடத்தாம்ப்பா ஆசை.”

“பேட்டரிக்குப் போடு. அது அழாது.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். திட்டத்தின் ஓர் அங்கமாக அடுத்த ஊரில் தொடங்கப்பட்டிருந்த பயிற்சி மையத்தில், மின்கலத் தொழில்நுட்பப் படிப்பில் அவளைச் சேர்த்துவிட்டு வந்தார். செவிலியர் பள்ளியில் அவளுக்கென்று இருந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

அடிக்கல் நாட்டு விழா தடபுடலாக நடந்தது. காட்சிக்கு வைக்கப்பட்ட மின்சாரக் கார், வழியில் எங்கும் மின்னேற்ற வசதி இல்லாமையால், லாரியில் ஏறி வந்தது. “நடக்கத் தெரியாத பிள்ளையை இடுப்புல தூக்கிட்டு வர்றாங்க பாரு” என்றார் மைத்துனர். விழா முடிந்து பந்தலைப் பிரித்ததும் நிலத்தைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள். அதைக் காக்க உள்ளூரில் ஆள் கேட்டுக் காவல் ஒப்பந்தக்காரர் வந்தார். மைத்துனர் உள்பட, நிலம் கொடுத்த மற்றவர்கள் எவரும் முன்வரவில்லை. இவர் மட்டும் போனார்.

மைத்துனருக்கு அது பொறுக்கவில்லை.

“ஏன் மாமா, நிலத்துக்குச் சொந்தக்காரனா இருந்தவன் அதே நிலத்துக்கு வாட்ச்மேனா? பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு அந்த வீட்டுலயே போய்ப் பாத்திரம் தேய்க்கிற மாதிரி இல்லையா இது?”

“உனக்குத் தெரியாது மாப்பிள்ளை. கதவுகிட்ட நிக்கிறவனுக்குத்தான் கதவு எப்போ தொறக்கும்னு மொதல்ல தெரியும்.”

இதுதான் அவருடைய கணக்கு. பெரியவர்கள் வருவார்கள், போவார்கள். நாள்தோறும் பார்க்கும் முகத்தை மறக்க மாட்டார்கள். மகளின் முறை வரும்போது அந்த முகம் உதவும். ஆகவே, காரின் கண்ணாடியை எவரெல்லாம் இறக்கினார்களோ அவர்களுக்கெல்லாம் சல்யூட் வைத்து, கையோடு ஒரு செய்தியையும் சேர்த்துச் சொன்னார்: “சார், என் பொண்ணு பேட்டரி படிக்குது.” நில அளவையாளருக்குச் சொன்னார். மண் பரிசோதிக்க வந்தவருக்குச் சொன்னார். வழி தவறி வந்த பால் வண்டிக்காரருக்கும் சொன்னார். “நல்லா படிக்கட்டும்” என்றார்கள் அனைவரும். பால் வண்டிக்காரர் மட்டும் உண்மையாகவே மகிழ்ந்தார்.

மற்றபடி, வேலிக்குள் ஆடு புகாமல் பார்த்துக்கொள்வது, கம்பியை வெட்டிக்கொண்டு போக வருவோரை விரட்டுவது, பெயர்ப்பலகையை மறைக்கும் செடிகளைப் பிடுங்குவது ஆகியவை அவருடைய பணிகள். பலகையில் முதலில் ‘மின்சாரக் கார் தொழிற்சாலை’ என்றிருந்தது. திட்டத்தைத் திருத்தினார்கள், சலுகைகள் மாறின, வருவதாக இருந்த முதலாளி பின்வாங்கினார். பலகையில் ‘மின்சார இருசக்கர வாகனத் தொழிற்சாலை’ என்று மாற்றி எழுதினார்கள். மறுபடியும் திருத்தினார்கள், வேறொரு முதலாளி வந்தார். ‘மின்கலத் தொழிற்சாலை’ என்று எழுத வந்த ஓவியர், ஏணியில் நின்றபடியே, “அண்ணே, வண்டி தேஞ்சு பேட்டரி ஆயிடுச்சு. அடுத்த தடவை என்னைக் கூப்பிட்டா, டார்ச் லைட்டுன்னு எழுதத்தான் இருக்கும்” என்றார்.

இவருக்கோ அந்த மாற்றம் தெய்வச்செயலாகப் பட்டது. வீட்டுக்கு ஓடி, “பேட்டரிதாம்மா! நீ படிச்சதேதான்!” என்று மகளிடம் கூவினார்.

அவள் அதற்குள் படிப்பை முடித்துச் சான்றிதழுடன் வந்திருந்தாள். அவளோடு படித்தவர்கள் வெளியேறியதும் அந்தப் பயிற்சி மையம் நின்றுபோய்த் தையல் வகுப்பாக மாறியிருந்தது. காத்திருந்த காலத்தில் அவள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். வரன்கள் வந்தன, காத்திருந்தன, வேறு வீடுகளுக்குப் போயின. “இலவு காத்த கிளிக்காவது பஞ்சு கண்ணுல பட்டுச்சு” என்று மைத்துனர் சொன்னபோது, அவருடைய அக்காள்கூடச் சிரித்தாள்.

ஆனால் கட்டடம் எழும்பத்தான் செய்தது. சொன்னதில் நான்கில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். பேட்டரிக்குள் இருக்கும் செல்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் என்றும், இங்கே அவற்றைக் கோத்துப் பூட்டுவது மட்டுமே வேலை என்றும் மகள் விளக்கினாள். “பூட்டுறதுக்கும் கை வேணுமேம்மா” என்றார் அவர். நிலம் கொடுத்தோர் வீடுகளிலிருந்து ஆள் எடுக்கப்போகிறார்கள் என்ற செய்தி, அவர் கணித்தபடியே, முதன்முதலில் வாயிலில் நின்ற அவருக்குத்தான் தெரிந்தது. அன்று மாலை மைத்துனர் வீடு உள்பட ஒவ்வொரு வீடாகப் போய், அவரே அதைச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆள்சேர்ப்பு அலுவலகம் வாயிலருகே ஒரு தகர அறையில் இயங்கியது. சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு மகளுடன் உள்ளே போனார். அதிகாரியாக இருந்த பெண் அவரைப் பார்த்ததும் புன்னகை செய்தார். முகம் உதவுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

“வாங்க. என்ன விஷயம், கேட்டுல ஏதாவது பிரச்சினையா?”

“இல்லைங்க மேடம். எங்க வீட்டு வேலைக்கு என் பொண்ணைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

அதிகாரி கணினியைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

“உங்க வீட்டு வேலையைத்தான் குடுத்தாச்சே.”

“யாருக்குங்க?”

“உங்களுக்குத்தான். நீங்கதானே கேட்டுல இருக்கீங்க?”

கம்பெனி சிரித்தார். இது அவர்களுக்குத் தெரியாமல் நேர்ந்த பிழை, எடுத்துச் சொன்னால் தீர்ந்துவிடும் என்று எண்ணிய சிரிப்பு அது.

“அது கம்பெனி வேலை இல்லைங்க மேடம். ஒப்பந்தக்காரர் வெச்ச வேலை. கம்பெனி வர்றதுக்கு முன்னாடியே இருக்கேன். ஆடு விரட்டிட்டு இருந்தேன்.”

“ஒப்பந்தக்காரர் மூலமா குடுத்தாலும் அது திட்டத்துக்கான வேலைதாங்க. நிலம் குடுத்த வீட்டு ஆளுன்னுதானே உங்களை எடுத்தாங்க? அரசாங்கத்துக்கு அப்படித்தான் கணக்குக் காட்டியிருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு வேலை. அது முடிஞ்சுபோச்சு.”

“அப்போ நான் விட்டுடறேன். இந்த நிமிஷமே. தொப்பியை இங்கேயே வெச்சுட்டுப் போறேன்.”

“விட்டீங்கன்னா உங்க வேலை போகும். அவங்களுக்கு வராது. ஒருத்தர் விட்டா இன்னொருத்தருக்குன்னு விதியில இடம் இல்லை.”

மகள் முன்னால் வந்தாள். சான்றிதழை மேசைமீது வைத்தாள்.

“நிலம் குடுத்தவங்களுக்கான இடம் வேண்டாம் மேடம். பொதுவுல எடுப்பீங்க இல்லையா, அதுல பாருங்க. நான் இதே வேலைக்குத்தான் படிச்சிருக்கேன்.”

அதிகாரி சான்றிதழை மரியாதையோடு படித்தார்.

“நல்ல மார்க்குமா. ஆனா பொதுவுல வர்றவங்களுக்கு மூணு வருஷம் பேட்டரி ஆலையில அனுபவம் கேக்குறாங்க.”

“இங்கே ஆலையே இப்பதானே வருது, மேடம்?”

“புரியுதும்மா. மேலேயிருந்து வந்த விதி.”

திரும்பி வரும்போது தந்தையும் மகளும் வேலியோரமாகவே நடந்தார்கள். அவள் கம்பியைப் பார்த்தபடியே நடந்தாள்.

வீட்டில் மனைவி பொரிந்து தள்ளினாள்.

“தெருவுல அத்தனை பேரும் வேண்டாம்னு கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தப்போ, நீங்க மட்டும் ஏங்க கையை நீட்டுனீங்க? சும்மா இருந்தவன் வீட்டுக்கெல்லாம் வேலை வருது. வெயில்லயும் மழையிலயும் நின்னவன் வீட்டுக்கு இல்லையாம். இது என்ன நியாயம்?”

“அவளுக்காகத்தான் நின்னேன்” என்றார் அவர்.

“அவளுக்காக நின்னு, அவ இடத்துலயே நின்னுட்டீங்க.”

மகள், “விடும்மா. அப்பாவுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இந்தப் பரிவைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மைத்துனரின் வீட்டுக்குரிய வேலை அவருடைய மகனுக்குக் கிடைத்தது. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்டவன். நல்ல பிள்ளைதான், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. எதிலும் அக்கறையும் இல்லை. வேலையில் சேருவதற்கு முன் ஒரு சிறு தேர்வு இருந்தது. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கையில் மைத்துனர் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். வழக்கமான கேலி எதுவும் அவர் நாவில் இல்லை. வாசலிலேயே நின்றார்.

“அக்கா, கேக்கவே வாய் கூசுது. இவனுக்கு பிளஸ் எது, மைனஸ் எதுன்னே தெரியலை. பாப்பா கொஞ்சம் சொல்லிக் குடுத்தா…”

அக்காள் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். கம்பெனி தரையைப் பார்த்தார். மகள்தான் பாயை விரித்தாள்.

“உள்ள வாடா. சிவப்பு ஒயர் எது, கறுப்பு ஒயர் எதுன்னாவது தெரியுமா?”

“கண்ணு நல்லாத்தான் தெரியுது அக்கா. அதுக்கு மேலதான் தெரியாது” என்றான் அவன்.

இரண்டு மாலைகள் சொல்லிக்கொடுத்தாள். ஒரு செல்லுக்கு அடுத்த செல்லை எப்படிக் கோப்பது, சூடேறினால் முதலில் எதைக் கழற்றுவது, கையுறையில் ஊசித்துளை இருந்தால் என்ன ஆகும் என்பனவற்றையெல்லாம் பொறுமையாக விளக்கினாள். அவன் தேர்ச்சி பெற்றான். அதற்கு நன்றி சொல்ல வந்த மைத்துனர், கொண்டுவந்த பழங்களை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனார்.

பொது ஆள்சேர்ப்பு நாள் வந்தது. விடிந்ததிலிருந்தே வேலி நெடுக வரிசை நின்றது. எங்கெங்கிருந்தோ வந்திருந்தார்கள், மூட்டை முடிச்சுடன் வந்தவர்களும் இருந்தார்கள். அனுபவச் சான்று இருப்போரை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும், இல்லாதோரைச் சாலையின் மறுபக்கம் அனுப்பிவிட வேண்டும் என்று மேற்பார்வையாளர் உத்தரவிட்டிருந்தார். அருகிலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். கம்பெனி ஒவ்வொருவரிடமும் கேட்டார். பெரும்பாலோரிடம் சான்று இல்லை. ‘சும்மா கேட்டுப் பாக்கலாம்னு வந்தோம்’ என்றார்கள். வாக்குவாதம் செய்தார்கள், சிலர் காலைத் தொட்டார்கள். “இல்லாதவங்க அந்தப் பக்கம் போங்க” என்று சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

குனிந்த தலையோடு சான்றுக்காகக் கையை நீட்டியபோது, நீட்டிய கைக்கு எதுவும் வரவில்லை. நிமிர்ந்தார். மகள் நின்றாள். வேலை கேட்டு வருவோர் உடுத்தும் வெளிர்நிறச் சட்டையை உடுத்தி, தலையை இறுக்கிப் பின்னியிருந்தாள். வரப்போவதாக வீட்டில் ஒரு சொல் சொல்லவில்லை.

“உள்ள விடுங்க. ஒரு தடவை கேட்டுப் பாத்துடறேன்” என்றாள் மெல்லிய குரலில். அப்பா என்று அழைக்கவில்லை.

கதவு அரையாள் அகலம் திறந்திருந்தது. அவர் சற்று விலகினால் போதும், அவள் உள்ளே போய்விடலாம். உள்ளே போனால் அந்தத் தகர அறையில் அதே பெண், அதே விதியைச் சொல்லித் திருப்பி அனுப்புவார். விட்டதற்காக இவருடைய வேலையும் போகும். அதன்பின் அந்த வீட்டில் இருக்கும் வேலை என்று ஒன்றுமே இராது. இவையெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தன. அவளுக்கும் தெரிந்திருந்தன என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“என்னங்க அங்கே? வரிசை நிக்குது பாருங்க” என்றார் மேற்பார்வையாளர்.

“அனுபவச் சான்று இருக்கா?” என்று அவளிடம் கேட்டார் கம்பெனி.

“இல்லை.”

“இல்லாதவங்க அந்தப் பக்கம் போங்க.”

அவள், “சரிங்க” என்று சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்து, சான்று இல்லாதவர்களின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தாள். வெளிர்நிறச் சட்டைகள் அங்கே நிறைய இருந்தன. சிறிது நேரத்துக்குப்பின் எது அவளுடையது என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அவளுக்கு அடுத்து நின்றவளுக்கும் ஏறத்தாழ அவளுடைய வயதுதான். கேட்பதற்கு முன்பே தலையை ஆட்டினாள். அவர் அவளிடமும் அதையே சொன்னார்.