படையலுக்குக் கொண்டுபோன போத்தல்

போன சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பழைய பேப்பரில் சுற்றிய ஒரு அரைப்போத்தல் சாராயத்தைப் பையில் வைத்துக்கொண்டு மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்தேன்.

அவசரப்பட்டு முகம் சுளிக்காதீர்கள். அது எனக்கில்லை – என் நண்பன் யோகனுக்கு.

யோகன் உயிரோடு இல்லை. ஐந்து வருடங்களுக்கு முன், இதே மார்கழி இருபத்தாறாம் திகதி, கல்லடிக் கடற்கரையில் இருந்தவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் அவன் குடும்பம், வீடு இருந்த இடத்துக்கு வந்து படையல் வைக்கிறது. யுத்தம் முடிந்து, இடமாற்றம் கிடைத்து, இந்த வருடம்தான் நான் கொழும்பிலிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தேன். முதல்முறையாகப் படையலுக்குப் போகிறேன். வெறுங்கையோடு போகலாமா?

எங்கள் பக்கத்துப் படையல் உங்களுக்குத் தெரியும்... செத்தவருக்கு எது பிடிக்குமோ அது. மாமாவுக்கு நண்டுக்கறி, மாமிக்கு எள்ளுருண்டை, சுருட்டுப் பிடித்தவருக்குச் சுருட்டு. குடித்தவருக்கு ஒரு கிளாஸ். வாசத்தை அவர் எடுத்துக்கொள்வார். மிச்சத்தை – அதாவது முழுவதையும் – வந்திருக்கும் ஆண்கள் எடுத்துக்கொள்வார்கள். இதைவிட வசதியான சம்பிரதாயம் வேறெங்காவது உண்டா?

நத்தார் – கிறிஸ்மஸ் – அன்று கடை பூட்டு என்பதால் வியாழக்கிழமையே வரிசையில் நின்று வாங்கி வைத்துவிட்டேன். யோகன் குடிக்கும் அதே சாராயம். மறக்காமல் அதையே கேட்டு வாங்கினேன் என்பதில் எனக்கொரு பெருமை வேறு.

யோகன் படகு எஞ்சின் திருத்துகிறவன். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்து படித்தவன். பதினெட்டு வயதில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கள்ளுத் தவறணைக்குள் முதன்முதலாக நுழைந்தோம். நான் கொஞ்சத்தோடு எழும்பிவிடுவேன். அவனால் முடியாது. கலியாணம் கட்டிய பிறகும் முடியவில்லை. எத்தனையோ நாள் நானும் அவன் மனைவி தவமணியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கிடத்தியிருக்கிறோம். காலையில் கை நடுங்கும் நடுக்கத்தில் ஸ்பேனர் நட்டில் பிடிக்காது. அப்போதும் என்னைப் பார்த்துச் சிரிப்பான்.

பிறகு நான் கொழும்புக்குப் போனேன். அவன் அப்படியேதான் இருந்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் இப்போது மிஞ்சியிருப்பது சிவப்புச் சீமெந்துத் தரை மட்டும்தான். தவமணியும் மகளும் வேறிடத்தில், சுனாமி வீட்டுத்திட்டத்தில் இருக்கிறார்கள். தரையைக் கூட்டி, குசினி இருந்த மூலையில் வாழையிலை விரித்து, யோகனின் படத்துக்குப் பூ வைத்திருந்தாள் தவமணி. பக்கத்தில் மகள் துசி. கடல் வந்த அன்று அவளுக்கு நாலு வயது. தாயோடு டவுனுக்குள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியவள். இப்போது ஒன்பது. யோகனின் தமையன் குணம் அண்ணனும் வந்திருந்தார்.

நான் போத்தலை எடுத்து நீட்டினேன். குணம் அண்ணனின் முகம் மலர்ந்தது. தவமணி இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கினாள். பேப்பரைப் பிரிக்கவில்லை. அப்படியே தன் கூடைக்குள் வைத்து, மேலே ஒரு சீலைத்துண்டைப் போட்டுவிட்டாள்.

மீன் குழம்பு வைத்தாள். வாழைப்பழம் வைத்தாள். வெறும் தேத்தண்ணி ஒரு கோப்பை வைத்தாள். போத்தல் வெளியே வரவில்லை.

குணம் அண்ணன்தான் கேட்டார், தம்பி ஆசையாகக் கொண்டுவந்ததை ஏன் வைக்கவில்லை என்று. தவமணி தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அவர் குடிய உட்டுட்டார் அத்தான். உட்ட மனுசனுக்கு எப்படிப் படைக்கிற?"

குணம் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல கதை. நத்தாருக்குப் போட்ட வெறி முறியாமத்தானே தம்பி அவன் வாடிக்குள்ள கிடந்தவன். இல்லாட்டி ஓடித் தப்பியிருக்க மாட்டானா?"

அவர் கெட்ட மனிதரில்லை. கடலில் பிறந்து வளர்ந்த தம்பி ஏன் தப்பவில்லை என்பதற்கு அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஊருக்கும் வேண்டியிருந்தது. அன்று கரையில், அவன் எஞ்சின் திருத்தும் அந்த வாடிக் கொட்டில் பக்கம் நின்றவர் எவரும் மிஞ்சவில்லை. யாரும் பார்க்காத சாவுக்கு ஊர் தானே ஒரு கதை கட்டிக்கொண்டது. சுனாமி முடிந்து நான் ஓடிவந்தபோது எனக்கும் அதே கதையைத்தான் சொன்னார்கள். நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் இரண்டு மூன்று பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

துசி தரையில் இருந்த வெடிப்பைக் கால் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அந்தக் கதை அவளுக்குப் புதிதில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

பெரியப்பாவுக்குத் தண்ணீர் எடுத்துவரச் சொல்லி மகளை அனுப்பிவிட்டு, தவமணி என் பக்கம் வந்தாள். வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படம் வரையச் சொன்னார்களாம். உன் அப்பா வெறியில்தானே போனார் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைச் சுருட்டி அடுப்புக்குள் போட்டுவிட்டாளாம்.

"நான் இல்லையெண்டுதான் அவளுக்குச் சொல்லுறன். புருசன உட்டுக்குடுக்கேலாமப் பொஞ்சாதி சொல்லுற கதையெண்டு நினைக்கிறாள் போல. ஒரு வருசமும் நாலு மாசமும் அண்ணன், ஒரு சொட்டு வாயில படல்ல. அண்டைக்கும் விடியத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு, ஆரோ ஒராள்ர எஞ்சின் பகலைக்குள்ள குடுக்கோணும் எண்டுதான் போனவர்."

ஏன் யாருக்கும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லாத எண்டவர். சொன்னாச் சிரிப்பானுகள், ரெண்டு வருசம் ஆகட்டும், மறுகா நாமளே சொல்லுவம் எண்டவர்."

இரண்டு வருடம் ஆகவில்லை.

இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குடிக்கத் தொடங்க நம் ஊரில் காரணம் ஏதாவது தேவையா? கலியாணம் என்றால் குடிக்கலாம், சாவு என்றால் குடிக்கலாம், மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும் குடிக்கலாம். விடுவதற்குத்தான் காரணம் வேண்டும். சுகர், பிரஷர், விரதம், டொக்டர் சொன்னார், சாத்திரக்காரர் சொன்னார்... "விட்டுவிட்டேன்" என்று மட்டும் ஒருவன் சொல்லிவிடக் கூடாது. எத்தனை நாளைக்கு என்று கேட்போம். பந்தயம் பிடிப்போம். அவன் மூக்கு நுனிவரை கிளாஸைக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் கள்ளும் சாராயமும். பிறகு களவாக வடிக்கும் கசிப்பு. சுனாமி முகாம்களில் கூடாரம் வந்து சேர ஒரு கிழமை பிந்தியது, கசிப்பு பிந்தவில்லை. பிள்ளை குட்டியைப் பறிகொடுத்துவிட்டு இருந்தவர்களிடம் அதைக் குடிக்காதே என்று சொல்ல யாருக்கு மனம் வந்தது? இப்போது யுத்தம் முடிந்து, பாதை திறந்து சாமான் வருகிறது, நல்லதும் வருகிறது, போதைத் தூளும் குளிசையும் வருகின்றன என்கிறார்கள். எது வந்தாலும் இந்த ஒன்று மாறவில்லை. விழுந்தவனைப் பார்க்க ஒரு கூட்டம் நிற்கும். எழும்புகிறவன் தனியாகத்தான், யாருக்கும் தெரியாமல்தான் எழும்பவேண்டியிருக்கிறது.

சரி, பிரசங்கம் போதும்.

தவமணி பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஒரு ஞாபகம் வந்தது.

சுனாமிக்கு மூன்று மாதத்துக்கு முன் எஞ்சின் சாமான் வாங்க யோகன் கொழும்புக்கு வந்தான். என் அறையில்தான் தங்கினான். பழைய கூட்டாளி வந்திருக்கிறான் என்று பின்னேரமே ஒரு முழுப்போத்தல் வாங்கி வைத்தேன். அவன் வேண்டாம் என்றான். கேஸ்ட்ரிக்காம். டொக்டர் மறித்துவிட்டாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. யோகனுக்கு கேஸ்ட்ரிக்கா!

அவன் முன்னால் ஜிஞ்சர்பியர் போத்தலை வைத்தேன். பெயரில்தான் பியர், பச்சைப்பிள்ளையும் குடிக்கிற இஞ்சிச் சோடா. மூன்று போத்தல் குடித்தான். அவன் குடிக்கக் குடிக்க நான் கேலி செய்தேன். ஒரு கிளாஸில் சாராயத்தை ஊற்றி அவன் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று எழும்பிப் போனவன் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் திரும்பினான். தனியாகக் குடிக்க விட்டுவிட்டானே என்று எனக்குக் கோபம்.

ஒரு மணித்தியாலம் அவன் எந்தத் தெருவில் எப்படி நடந்துகொண்டிருந்திருப்பான் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். சுனாமிக்குப் பிறகு ஊர்க்கதையைக் கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. கேஸ்ட்ரிக் சுகமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எவ்வளவு புத்திசாலி பாருங்கள்.

துசி தண்ணீரோடு வந்ததும், எல்லாருக்கும் கேட்க நடந்ததைச் சொன்னேன். கிளாஸை நீட்டியதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கடலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார் குணம் அண்ணன்.

"மெய்யாத்தானா?" என்றார்.

"மெய்யாத்தான் அண்ணன். நான் குடிச்சன். அவன் குடிக்கல்ல."

பிறகு தவமணியிடம், கோபம் போலவும் இல்லாமல் கெஞ்சல் போலவும் இல்லாமல் கேட்டார்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே புள்ள?"

"உங்களுக்குத்தான் அத்தான், அவர் ஆகக் கூடப் பயந்தவர்."

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ரோட்டுக்கு வந்து, திறந்திருந்த ஒரு கடையில் ஜிஞ்சர்பியர் வாங்கிக்கொண்டு போனேன். தவமணி வாங்கி, மூடியைக் கழற்றி, கிளாஸில் ஊற்றி, வாழையிலையில் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் அழுதாள். காலையில் இருந்து அழாதவள்.

படையல் முடிந்தால் அதில் இருப்பதை ஆண்கள் குடிக்கவேண்டும் அல்லவா? சம்பிரதாயத்தை மாற்ற முடியுமா? குணம் அண்ணன் அந்தக் கிளாஸை எடுத்து, ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டார். இஞ்சி கூடிப்போச்சு என்றார்.

புறப்படும்போது தவமணி கூடையிலிருந்து என் போத்தலை எடுத்து, சுற்றிய பேப்பர் கசங்காமல் திருப்பித் தந்தாள். வந்த வழியே பாலத்தைக் கடந்து கொண்டுவந்தேன். அது இப்போது எங்கே என்று தயவுசெய்து கேட்காதீர்கள். அலமாரியில்தான் இருக்கிறது. நான் இன்னும் யோகன் அளவுக்கு வரவில்லை.

கதை இத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பாலத்தின் நடுவில் வரும்போது இன்னொன்றும் ஞாபகம் வந்தது.

ஒவ்வொரு வாரமும் பேப்பரில் வரும் இந்தப் பத்திக்கு ஏதாவது கிடைக்காதா என்று அலைகிற ஆள் நான். வீட்டுக்கு வந்த நண்பன் மூன்று போத்தல் ஜிஞ்சர்பியர் குடித்தால் சும்மா விடுவேனா? எழுதினேன். இதே பத்தியில், அடுத்த ஞாயிறே எழுதினேன். பெயர் மட்டும் போடவில்லை. நீங்களும் வாசித்துச் சிரித்தீர்கள். நல்லாயிருந்தது என்று கடிதம் போட்டவர்கள்கூட உண்டு.

வெட்டி வைத்த தாள்களை எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு நாள் தேடினேன். கிடைத்தது. மேலே திகதி: 2004 செப்டெம்பர்.

செவ்வாய்க்கிழமை அதை எடுத்துக்கொண்டு தவமணியின் வீட்டுக்குப் போனேன். அது பேப்பரில் வந்த நாளிலேயே யோகனுக்குத் தெரியும் என்று தவமணி சொன்னாள். யாரோ பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார்களாம். வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தானாம். என் கேஸ்ட்ரிக் கதையை அவன் நம்பிவிட்டான் என்றானாம். அந்தப் பேப்பரும் வீட்டோடு கடலுக்குள் போய்விட்டது.

துசியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு தாயைப் பார்த்தாள்.

"என்னகா பாக்கிறாய், சத்தமா வாசி" என்றாள் தவமணி.

வாசித்தாள். எழுத்துக்கூட்டி இல்லை, நல்ல சுத்தமாக. "மட்டக்களப்பிலிருந்து வந்த என் நண்பன் மூன்று போத்தல் ஜிஞ்சர்பியர் குடித்தான். வயிறு கெட்ட குடிகாரனைப்போலப் பாவப்பட்ட பிராணி உலகத்தில் இல்லை..." என் எழுத்தைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. முடித்துவிட்டு மேலே இருந்த திகதியில் விரலை வைத்தாள்.

"இது அப்பாவா மாமா?"

"ஓம் மகள்."

"பேப்பரில வந்ததா?"

"பேப்பரிலதான் வந்தது."

தாய் சொன்னால் கதை. பேப்பரில் வந்தால் உண்மை. பேப்பரில் எழுதுகிற எனக்குத்தான் தெரியும் அந்த நம்பிக்கையின் இலட்சணம்! ஆனால் அன்று நான் அதைச் சொல்லவில்லை. அவள் அந்தத் தாளை இரண்டாக மடித்து, கணக்குக் கொப்பிக்குள் வைத்து, கொப்பியைப் பள்ளிக்கூடப் பைக்குள் வைத்தாள். பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கிறது. அவளுக்கு இப்போதே அவசரம்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. அந்தத் தாளை யாராவது ஒழுங்காக வாசித்தால், வயிற்று வருத்தத்தால் குடிக்காதவன் என்றுதானே இருக்கிறது? நானே எழுதியது.

பேப்பரில் பிழை விட்டால் திருத்தம் போடுவது வழக்கம். ஐந்து வருடம் பிந்திவிட்டது, துசி மன்னிக்கவேண்டும்.

திருத்தம்: என் நண்பன் யோகரெத்தினத்துக்கு கேஸ்ட்ரிக் இருக்கவில்லை.