யோகமக்காவுக்கு எந்த ரூம்?

ஹோட்டல் வாசலில் வான் நின்றதும் முதலில் குதித்து இறங்கியது யோகமக்காவின் இரண்டு மகள்மார்தான். கண்ணாடிக் கதவுக்கு அங்கால் நீச்சல் தடாகம் தெரிந்தது. இளையவள் செருப்பைக் கூடப் போடாமல் ஓடினாள். அப்போதுதான் அவர்களுடைய மாமா சொன்னார்:

"பிள்ளையள், வானில ஏறுங்கோ. உங்கட இடம் இதில்லை. அங்கால."

நான் கிளிநொச்சியில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் நெடுங்காலமாக வேலை செய்கிறவள். வான், ரூம், டிக்கெட் எல்லாம் ஒழுங்கு செய்து, தேவையென்றால் குடும்பங்களோடு கூடப் போய்வருவேன். தெற்கே வாட்டர் பார்க் பார்க்கப் போகிறவர்கள்தான் இப்போது அதிகம். வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், எந்த ஹோட்டல் நல்லது, எது பார்க்குக்குக் கிட்ட என்று என்னிடம் கேட்பார்கள். அதெல்லாம் போகப் போகத் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஒன்றை நான் இந்தப் பயணத்தில்தான் படித்தேன். இப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது.

புக்கிங்

மாமா என்றது மோகன் அண்ணையை. கனடாவிலிருந்து மனைவி பிள்ளைகளோடு லீவுக்கு வந்தவர். யோகமக்கா அவருடைய சொந்த அக்கா, அக்கராயனில் வயல் செய்கிறவா. இவர் வெளிநாடு போன பிறகு தாயைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவாவும் அவாதான். "அக்காவின்ர பிள்ளையள் பார்க் கண்டதில்லை, கூட்டிக்கொண்டு போகப்போறன்" என்று மோகன் அண்ணை வந்து நின்றபோது எனக்கு நல்ல சந்தோசம்.

பிறகுதான் சொன்னார்: "எங்களுக்கு பார்க்குக்குப் பக்கத்தில இருக்கிற பெரிய ஹோட்டலைப் போடுங்கோ, தங்கச்சி. அக்காவாக்களுக்கு றோட்டுக்கரையில இந்த லொட்ஜ். இன்ரநெற்றில பாத்து வைச்சிருக்கிறன்."

"ஹோட்டலிலயே இன்னொரு ரூம் இருக்கு, அண்ணை. பிள்ளையள் ஒண்டா நிண்டால் சந்தோசப்படுவினம்."

"ஒண்டா நிண்டால் ஒருத்தரும் நித்திரை கொள்ளாதுகள். பிறகு எங்கட மனுசிக்குத் தலையிடி. அக்காவாக்கள் எங்க விட்டாலும் படுப்பினம். அவைக்கு ஏசியும் பழக்கமில்லை."

"அக்காவுக்குச் சொல்லிப்போட்டீங்களோ?"

"ஓம், ஓம். எல்லாம் கதைச்சாச்சு."

கையில் வசதியில்லாமல் இப்படிப் பிரித்திருந்தால் நான் ஒன்றும் நினைத்திருக்கமாட்டேன். இவருக்கு அந்தக் குறை இல்லை. முதலாளியிடம் போய்ச் சொன்னேன். "கஸ்டமர் கேட்டதைப் போடு. குடும்ப வழக்கு எங்களுக்கு எதுக்கு?" என்றார். போட்டேன். அவர்களோடு வானில் நானும் போனேன்.

வாசல்

ஓடின பிள்ளைகள் நின்று தாயைத் திரும்பிப் பார்த்தார்கள். யோகமக்காவின் கையில், தம்பியின் பிள்ளைகளுக்கென்று செய்துகொண்டு வந்த பயத்தம் உருண்டை டின் இருந்தது.

"தம்பி, எல்லாரும் ஒரு இடமெண்டல்லோ எனக்குச் சொன்னனீ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இந்த மனுசன் ஒன்றும் கதைக்கவில்லை என்று.

"அதுவும் நல்ல இடம், அக்கா. காலமை பார்க்கில சந்திப்பம்தானே" என்றார் மோகன் அண்ணை, போனைப் பார்த்தபடி. அவருடைய மனைவி பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றா.

யோகமக்கா டின்னை அவாவிடம் நீட்டினா. "இது பிள்ளையளுக்கு." பிறகு வானில் ஏறி இருந்தா.

வான் திரும்பும்போது மூத்தவள் கேட்டாள்: "அம்மா, நாங்கள் என்ன பிழை விட்டனாங்கள்?"

யோகமக்கா குனிந்து இளையவளுக்குச் செருப்பைப் போட்டுவிட்டா.

லொட்ஜ்

இன்ரநெற் படத்தில் வெள்ளையடித்த சுவரும் பூச்சாடியும்தான் இருந்தன. நேரில் பார்த்தால் கீழ்த்தளம் முழுக்க மதுச்சாலை. பகலிலேயே ஆட்கள் குடிவெறியில் இருந்தார்கள். மேலே போகும் படி அதற்குள்ளால்தான். ரூம் கதவுக்குச் சரியான பூட்டும் இல்லை. யோகமக்காவின் கணவர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்ச ஊரிலேயே நின்றுவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு பெண் தனியே தங்குகிற இடமா இது?

"அக்கா, இதில வேண்டாம். ஹோட்டலுக்கே திரும்பிப் போவம். இன்னொரு ரூம் இருக்கோ எண்டு நான் கேக்கிறன்."

"அங்க நான் வரேல்லை, பிள்ளை. பிள்ளையளை இறக்கி ஏத்தின வாசலுக்குத் திரும்பிப் போகேலாது."

"அப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரு நர்ஸம்மா வீடு இருக்கு. பென்சன் எடுத்தவா. மேல்மாடியைக் குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுறவா. பாப்பமோ?"

கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓம், பாப்பம்" என்றா.

நர்ஸம்மா சிங்களத்திலும் உடைந்த தமிழிலுமாய் வரவேற்று, சமைக்கக் குசினியையும் திறந்துவிட்டா. யோகமக்கா சோறும் பருப்பும் வைத்தா. பிள்ளைகள் மொட்டைமாடியில் ஏறி நின்று, தூரத்தில் பார்க்கின் சறுக்கு தெரிகிறதென்று கூப்பிட்டுக் காட்டினார்கள்.

பார்க்

அடுத்த நாள் காலமை பார்க் வாசலில் மோகன் அண்ணை கோபத்தோடு நின்றார். அக்காவாக்கள் வந்து தங்கவில்லையென்று லொட்ஜ்காரன் அவருக்குப் போன் எடுத்துச் சொல்லியிருக்கிறான்.

"ஆரைக் கேட்டு இடம் மாத்தினனீங்கள்?" என்று என்னிடம் பாய்ந்தார்.

நான் வாய் திறக்க முதல் யோகமக்கா சொன்னா: "என்னைக் கேட்டு."

அவர் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"அவா என்னைக் கேட்டவா, தம்பி. நீ கேக்கேல்லை. அம்மாவோட அகதிக் காம்பில வெறும் நிலத்தில படுத்தனான், எனக்கு எந்த இடமும் பரவாயில்லை. ஆனா நீ என்ர பிள்ளையளை எல்லாருக்கும் முன்னால வானில ஏறச் சொன்னாய். அதை நான் என்னெண்டு அதுகளுக்கு விளங்கப்படுத்துறது?"

அவா குரலை உயர்த்தவில்லை. மோகன் அண்ணை தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் அதற்குள் கைகோத்துக்கொண்டு சறுக்கில் ஏறியிருந்தார்கள்.

கிளிநொச்சிக்குத் திரும்பி வந்ததும் முதலாளி கூப்பிட்டார். மோகன் அண்ணையின் முறைப்பாடு போயிருந்தது. "கஸ்டமர் சொன்னதை ஏன் மாத்தினனீ?"

"உங்கட மகள்மாரை அந்த லொட்ஜில விடுவீங்களோ?" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புக் பண்ணுகிறவர் ஒருவராக இருக்கலாம், அங்கே போய்ப் படுக்கப்போகிறவர்கள் எல்லோரும் கஸ்டமர்கள்தான். ரூம் போட முதல் அவர்களோடும் கதையுங்கள். சிலர் கோபித்துக்கொண்டு வேறு இடம் போவார்கள். போகட்டும்.

போன கிழமை லண்டனிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். "எங்களுக்கு நல்லதாப் போடுங்கோ. ஊரில இருந்து வாற தம்பியாக்களுக்கு ஏதாவது ஒண்டு போடுங்கோ" என்றார்.

"அவையின்ர போன் நம்பரைத் தாங்கோ, அண்ணை" என்றேன். "அவையிட்டயே கேப்பம்."