இரண்டு பக்கமும் ஏறிய எடை

உனக்கு வேறு வேலையே இல்லையா? ஏரிக்கரை பால்வாடியில் சத்துமாவு ஏன் நின்றது என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்? கேட்டுத் தொலைத்துவிட்டாய், சொல்கிறேன். நடுவில் "அப்புறம், அப்புறம்" என்று பிடுங்கினால் எழுந்து போய்விடுவேன். எழுந்து போக எனக்கு இடம் கிடையாது என்று உனக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாதே.

எண்பதுகளின் கடைசி அது. அப்போது மேனாம்பேட்டில் இருந்தேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார். மகன் பெண்டாட்டியோடு ஆவடிப் பக்கம் குடி போனான். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவான், வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான். ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி எடுக்க என் கைக்கு வரவே இல்லை. தினமும் மிஞ்சும். மிஞ்சியதை நாய்க்குப் போட்டு, அதனிடம் கொஞ்ச நேரம் பேசுவேன். அதுவும் சாப்பிட்டு முடித்ததும் போய்விடும்.

மூன்றாம் கிளாஸ் வரை போனவள் என்பதால் பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தது. காலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டும், மாவில் வெல்லத் தண்ணீர் ஊற்றி உருண்டை பிடிக்க வேண்டும், மதியத்துக்குச் சோறும் சாம்பாரும் வைக்க வேண்டும், மூக்கு துடைக்க வேண்டும். மாதம் ஒரு தரம் விட்டத்தில் தொங்கும் தராசில் துண்டைத் தொட்டிலாகக் கட்டி ஒவ்வொரு பிள்ளையையும் உட்கார வைப்பேன். டீச்சர் முள்ளைப் பார்த்து எழுதுவார். கடைசியில் எல்லா எடையையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுப்பார். அந்த ஒரே நம்பர்தான் ஆபீசுக்குப் போகும். எவன் அழுதான், எவள் என் மேல் ஒன்றுக்குப் போனாள் என்பதெல்லாம் அதில் வராது.

எங்கள் பக்கம் இரண்டு பால்வாடி. லாரி ரோட்டுக்கு அந்தப் பக்கம், தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிக்காரர்களின் குவார்ட்டர்ஸில் ஒன்று. அங்கே பிள்ளைகள் கன்னம் உப்பலாக இருப்பார்கள். இந்தப் பக்கம், ஏரிக்கு ஓரமாக, ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டுக்குக் கீழே எங்களுடையது. முன்பு வயலில் நாற்று நட்டவர்கள், வயல் போனதும் எஸ்டேட்டில் கல்லும் மண்ணும் சுமக்கப் போனார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர். எலும்பும் தோலும். எங்கள் நம்பர் ஆபீசுக்காரர்கள் போட்ட கோட்டுக்குக் கீழே இருந்ததால் எங்களுக்கு மட்டும் கூடுதலாக மாவு மூட்டை வரும். காலையில் ஒரு உருண்டை, சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது இன்னொன்று. அந்த இரண்டாவது உருண்டைக்காகவே பிள்ளைகள் பொழுது சாயும்வரை இருப்பார்கள். எனக்கும் பேச்சுத்துணை இருக்கும்.

ஆனாலும் எனக்குப் போதவில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். ரோட்டுக்கு இந்தப் பக்கமே, நடுச்சந்தில் ஆறு பிள்ளைகள் இருந்தார்கள். நல்ல வாயாடிகள். அவர்கள் பெயர் குவார்ட்டர்ஸ் பட்டியலில் இருந்தது. அங்கே இருப்பதிலேயே அவர்கள்தான் ஒல்லி. ரோட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், அந்தச் சத்தம் எங்கள் கொட்டகையில் கேட்டால் எப்படி இருக்கும் என்று நினைப்பேன்.

"டீச்சரம்மா, லாரி போற ரோட்டுல அந்தப் புள்ளைங்க தாண்டிகினு போவுதுங்க. என்னிக்காவது ஏதாவது ஆச்சின்னா? நம்ம பட்டியல்ல சேத்துக்கோங்க."

"உனக்கு எதுக்கு ஆயா கூடுதல் வேலை?"

"சும்மா குந்திகினு கீறேன், இன்னா வேலை பெரிய வேலை?"

லாரி நிஜம்தான். ஆனால் நான் கேட்டது லாரிக்காக இல்லை. டீச்சர் நல்லவர், எழுதிப் போட்டார். ஆறு பேரும் எங்களிடம் வந்தார்கள். கொட்டகை இரைந்தது. அந்த மாதம் நான் வீட்டில் சமைக்கக்கூட மறந்தேன்.

அதே மாதம் ஆபீசிலிருந்து இரண்டு பால்வாடிக்கும் ஆளுக்கொரு படம் வந்தது. ஒரு அம்மா பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிற படம். சுவரில் ஒட்டினோம். எங்களிடம் சோப்பு இல்லை, படத்தில் இருந்தது.

அடுத்த முறை எடை போட்டபோது எங்கள் நம்பர் கோட்டைத் தாண்டிவிட்டது. குவார்ட்டர்ஸிலும் ஏறியிருந்தது. ஜீப்பில் ஆபீசின் பெரிய அம்மா வந்தார். படித்தவர், நல்ல மனசுக்காரர், டீச்சர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒரு இடத்துல மட்டும் ஏறியிருந்தா சந்தேகப்படலாம். ரெண்டு இடத்துலயும் ஏறியிருக்கு. அப்ப படம்தான் வேலை செஞ்சிருக்கு. எல்லாம் சுத்தம் சம்பந்தப்பட்ட விஷயம், நான் அப்பவே சொன்னேன்."

கோட்டைத் தாண்டிய இடத்துக்குக் கூடுதல் மாவு கிடையாது. அந்தப் பணத்தில் பூந்தமல்லி வரைக்கும் எல்லா பால்வாடிக்கும் படம் அடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது உருண்டை நின்றது. எனக்குப் புரியவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கித் தராசில் வைக்கிறவள் நான், என் இடுப்புக்குத் தெரியாதா? எவனும் கனக்கவில்லையே. டீச்சரை ஒவ்வொரு பேராகப் படிக்கச் சொன்னேன். போன தடவை இருந்ததுதான் இருந்தது. இரண்டொருவர் இறங்கிக்கூட இருந்தார்கள். அப்புறம் எப்படித் தலைக்கு வகுத்த நம்பர் ஏறும்?

சாம்பாருக்குக் கத்திரிக்காயைப் பெரிசு, பொடிசு என்று பிரிக்கும்போது விளங்கிவிட்டது. என்னால்தான்.

பெரிய அம்மா மறுபடி வந்த அன்று, கத்திரிக்காயை இரண்டு கூறாகப் பிரித்து முறத்தை அவர் எதிரே வைத்தேன்.

"அம்மா, இது பெருங்காய். குவார்ட்டர்ஸ்னு வெச்சிக்கோங்க. இது பொடிக்காய், நாங்க. பெருங்காயில இருக்கறதுலயே சின்னத எடுத்து இங்க போடறேன். காய்க்கு இவ்ளோன்னு பாத்தா, அந்தக் கூறு இப்ப எப்படி கீது?"

"இன்னும் பெருசா தெரியுது."

"இந்தக் கூறு?"

அவர் சிரித்துக்கொண்டே குனிந்தார். அங்கே சின்னதாக இருந்த காய் இங்கே எல்லாவற்றையும் விடப் பெரிதாக உட்கார்ந்திருந்தது. சிரிப்பு நின்றது.

"இதுவும் ஏறிடுச்சு."

"காயி எதுனா வளந்துச்சாம்மா? கைய கழுவிச்சா?"

முறத்தைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "நீ சொல்றது சரிதான் ஆயா. ஆனா படத்தால ஏறிச்சுன்னு எழுதி மேல அனுப்பியாச்சு. இப்பப் போய் கத்திரிக்காய்னு எழுத முடியுமா?"

"அப்ப அந்த ஆறு பேத்தையும் திருப்பி அனுப்பிடறேன்."

"அனுப்பினா ரெண்டு பக்கமும் இறங்கும். டீச்சருங்க ரெண்டு பேரும் வேலை செய்யலைன்னு எழுதுவாங்க."

டீச்சர் முகம் செத்துவிட்டது. அவர் வீட்டில் மூன்று பேர் அவர் சம்பளத்தைத்தான் சாப்பிட்டார்கள். நான் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சாம்பார் வைத்தாக வேண்டுமே.

ஒரு பெண் குழந்தை இருந்தாள், கால் இரண்டும் விளக்குமாற்றுக் குச்சி. உருண்டையை உடனே தின்ன மாட்டாள், நக்கி நக்கியே சாயங்காலத்தை ஓட்டுவாள். சாயங்கால உருண்டை இல்லை என்றானதும், எதற்கு அனுப்ப வேண்டும் என்று அவள் அம்மா வேலைக்குக் கூடவே தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஜல்லிக் குவியல் மேல் உட்கார வைப்பாளாம். அவளைப் பார்த்து இன்னும் சிலரும் வராமல் நின்றார்கள். நடுச்சந்துப் பிள்ளைகளும் மதியம் சோறு தின்றதும் ஓடிவிடுவார்கள். சத்தம் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இரண்டு மணிக்கு மேல் பாயைச் சுருட்டிக்கொண்டு நான் மட்டும் இருந்தேன். தராசு காற்றில் ஆடும். முள் பூஜ்யத்தில் நிற்கும்.

ஒருநாள் குழாயடியில் பக்கத்து வீட்டுப் பெண்கள் என்னை மடக்கினார்கள்.

"இன்னா ஆயா, அந்த மாவு எங்க போவுது? டீச்சரு கடைக்குப் போட்டுட்டாங்கன்றாங்கோ, நெசமா?"

"நீ எல்லாத்துக்கும் கூட இருந்தவதானே, வாயத் தொறந்து சொல்லேன்."

கத்திரிக்காய் கதையை எடுத்தேன். பாதியில் ஒருத்தி குடத்தைத் தூக்கிக்கொண்டாள், இன்னொருத்தி கொட்டாவி விட்டாள். ஆபீசில் கேட்காதது குழாயடியில் மட்டும் கேட்குமா? டீச்சர் பெயர் மட்டும் அவர்கள் வாயில் அப்படியே நின்றது. அதை எப்படியாவது எடுத்தாக வேண்டும். இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"டீச்சரம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்கடி. அத்தினி மாவையும் நான்தான் துன்னேன். ஊட்ல ஒண்டியா குந்திகினு துன்னா, எவ்ளோ துன்றோம்னே தெரிய மாட்டேங்குது."