இடக்கையால் எறிந்தவன்

என் நண்பன் எறிந்த பந்தை இருபது வருடத்துக்கு மேலாகப் பிடித்தவன் நான். அது எப்படி வந்தது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. கையை விட்டுக் கிளம்பும்போது நேரே என் நெஞ்சைப் பார்த்து வரும். பாதி வழி தாண்டியும் அப்படியேதான் வரும். அடிக்க நிற்பவன் துடுப்பை வீசத் தொடங்கிய பிறகு, மேசை விளிம்பால் உருண்டு விழும் தேசிக்காய் மாதிரித் தொப்பென்று கீழே இறங்கும். வந்தவன் காற்றை அடித்துவிட்டு என்னைத் திரும்பி முறைத்துப் பார்ப்பான், ஏதோ நான் செய்த களவு போல. நான் என்ன செய்ய? எனக்கும் அதே ஆச்சரியம்தான். பந்து கையுறைக்குள் வந்து விழுந்த பிறகுதான் எனக்கே மூச்சு வரும்.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு அதிகம் சொல்லி அலுப்புத் தரமாட்டேன். ஒருவன் மண்மேட்டில் நின்று பந்தை எறிகிறான், அவன் பிற்சர். எதிரே ஒருவன் அதை அடிக்கப் பார்க்கிறான். அடிக்கிறவனுக்குப் பின்னால், முகத்துக்குக் கம்பிக்கூடு போட்டுக்கொண்டு குந்தியிருக்கும் பாவம் ஒருவன், வந்த பந்தைப் பிடிக்கிறான். அவன் கச்சர். அந்தப் பாவம்தான் நான். ரொறன்ரோ அணி நன்றாக ஆடுகிற வருடங்களில் ஸ்ரௌவ்வில் பக்கம் புதுவீடு வாங்கிய எங்கள் சனமெல்லாம் ரிவிக்கு முன்னால் உட்கார்ந்து திடீர் நிபுணர்களாகிவிடும். கலியாண வீட்டில் சாப்பாட்டு மேசையில் எனக்கே விளக்கம் சொன்னவர்கள் உண்டு. முன்பு அவர்கள் குடியிருந்த மல்வேர்னில், பஸ் ஏறின தரிப்பிடத்துக்குப் பின்னால் இருந்த பூங்காவில், ஞாயிறு ஞாயிறாக ஒரு அதிசயம் நடந்தது அவர்களுக்குத் தெரியாது. இதைச் சொல்லும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

நாங்கள் இரண்டு பேரும் கார் இருக்கைகள் செய்யும் தொழிற்சாலையொன்றில் ஒரே ஷிப்டில் வேலை செய்தோம். தொழிற்சாலைக்கு ஒரு அணி இருந்தது. ஒரு ஞாயிறு ஆள் போதாமல் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு நான் முதலில் மானத்தை வாங்கினேன். பந்தை அடித்தவுடன் எனக்குக் கிரிக்கெட் புத்தி வந்துவிட்டது. துடுப்பை இறுக்கிப் பிடித்தபடி ஓடி, ஓடித் தொடவேண்டிய முதலாவது பேஸை நெருங்கியதும் எட்டி அதை நிலத்தில் ஊன்றினேன். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. இந்த விளையாட்டில் துடுப்பைப் போட்டுவிட்டுத்தான் ஓடவேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? என் நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. அவனாக இருந்தாலும் அப்படித்தான் ஓடியிருப்பான்.

பிறகு என்னைக் கச்சராகக் குந்தவைத்து, அவனிடம் பந்தைக் கொடுத்தார்கள். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு அவன் பந்து போட்டது ஒரே ஒரு நாள்தானாம். கையை மடித்து எறிகிறான் என்று நடுவர் திரும்பத் திரும்ப நோபோல் கொடுத்து, கடைசியில் பந்தையே பறித்துவிட்டார். இங்கே எறி என்றே கேட்டார்கள். அவனால் நம்ப முடியவில்லை.

“மச்சான், உண்மையா எறியலாமோ? ஒண்டும் சொல்ல மாட்டினமோ?” என்று என் காதுக்குள் கேட்டான். 

“எறியடா,” என்றேன்.

எறிந்தான். கையுறைக்குள் அந்தப் பந்து விழுந்த சத்தத்துக்குப் பக்கத்து மைதானத்தில் விளையாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். என் சுட்டுவிரல் அன்றைக்கு வீங்கியது. அது பிறகு ஒழுங்காக வற்றவே இல்லை.

அவன் எறிந்தது இடக்கையால். அதைப் பார்த்து அதிகம் திகைத்தது நான்தான். ஏனென்றால் வேலையில் ஸ்குரூ முடுக்குவதும், வீட்டில் சோறு குழைப்பதும், தேத்தண்ணிக் கோப்பையை வாங்குவதும், கையெழுத்துப் போடுவதும் எல்லாம் வலக்கையால்தான். கலியாணம் செய்யாமல், மல்வேர்னில் ஒரு வரிசைவீட்டில் தாயோடு இருந்தான். அந்த அம்மா சின்னவயதில் அவனுடைய இடக்கையைத் தட்டித் தட்டியே மாற்றியிருக்கிறார். பெரியவர்களுக்கு ஒன்று கொடுக்கும்போது இடக்கை நீண்டால் உடனே அடி விழும். எங்கள் வீடுகளில் இது புதினம் இல்லை. “பிள்ளைக்கு இடக்கைப் பழக்கம் இருந்தது, நான் மாத்திப்போட்டன்,” என்று அம்மா என்னிடமே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவன் தலையைக் குனிந்துகொண்டு வலக்கையால் ரொட்டியைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது.

காரில் ஏறியதும் சொன்னான்: “அம்மாவுக்கு ஒருநாளும் சொல்லிப்போடாதை. அவ அதை மாத்தினதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறா. அப்பிடியே இருக்கட்டும்.”

“அவ ஒருநாள் பாக்க வந்தா?”

“வரமாட்டா. அங்கை வெயில், உங்களாலை ஏலாது எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். அம்மாவைப் பொறுத்தவரை மகன் ஞாயிற்றுக்கிழமை பந்தடிக்கப் போகிறான், அவ்வளவுதான்.

ஆனால் அந்தக் கைக்கு மல்வேர்னில் பக்தர்கள் சேர்ந்தார்கள். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை. காலைநடை போகும் எங்கள் அங்கிள்மார் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். உது கிரிக்கெட்டில் நோபோல் என்று ஒருவர் தொடங்குவார், மற்றவர்கள் அவரை வாயை மூடச் சொல்வார்கள். யமேக்காவைச் சேர்ந்த வயதான பெண் ஒருவர் மடக்குக் கதிரையோடு வந்து முதலாவது பேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவருக்கு எங்கள் அணியில் உறவுக்காரர் யாரும் இல்லை. அவன் எறிவதைப் பார்க்க மட்டும் வருவார். எறியாத நாளில் கதிரையை மடக்கிக்கொண்டு போய்விடுவார். சிலவேளை அவன் எறியும்போது அந்தப் பூங்காவில் நாய்கூடக் குரைக்காது. கோயிலில் திரை விலகப் போகிற நேரத்தில் ஒரு அமைதி வருமே, அது வரும்.

ஆட்டம் தொடங்கமுன் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பந்தின் தையலில் பதியும் அவனுடைய இடக்கை விரல் இரண்டையும் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குள் இறங்குவோம். யார் தொடங்கியதென்று தெரியாது. அந்த விரல்நுனிகள் காய்த்துப்போய்ச் சொரசொரவென்று இருக்கும். பின்னாளில் கதிரைக்காரியும் வந்து தொட்டார். ஒருநாள் எதிரணிக்காரன் ஒருவனும் வெட்கத்தோடு வரிசையில் நின்றான். என் நண்பன் எல்லோருக்கும் விரலை நீட்டுவான், கூச்சத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு.

திங்கட்கிழமைகளில் வேலைக்கு வரும்போது அவனில் நோவெண்ணெய் மணக்கும். “வைத்தியசாலை வருகுது, வழி விடுங்கோ,” என்று நக்கலடிப்பேன். எங்கே வாங்கினாய் என்றால் கடையில் என்பான்.

இந்த வருடம் பனி முழுதாகக் கரையமுன், வேலைக்குப் போகக் காரை ஸ்ராட் பண்ணியவன் அப்படியே சரிந்துவிட்டான். மாரடைப்பு. எனக்கு விஷயம் வந்தபோது நான் முதலில் நினைத்தது அவனை அல்ல, அந்தக் கையை. இனி அது எறியாது என்பது என் தலைக்குள் ஏறவே மாட்டேன் என்றது.

சனிக்கிழமை பின்னேரம் உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். அணியில் இருந்த எல்லோரும் வந்தார்கள், பழைய ஆட்கள்கூட. வேலியோர அங்கிள்மார் வந்தார்கள். கதிரைக்காரி ஊதா நிறத் தொப்பியோடு வந்தார். வரிசையாகப் பெட்டியை நெருங்கியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத் தேடினார்கள். இடக்கையைக் காணவில்லை. மடித்த சால்வையால் அதை மூடி, மேலே வலக்கையை வைத்திருந்தார்கள். வலக்கையிடம் அவர்களுக்கு என்ன வேலை? தேடிவிட்டு, பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

கதிரைக்காரி என்னிடம் வந்து மெல்லக் கேட்டார், அந்தத் துணியைக் கொஞ்சம் விலக்க முடியாதா, கடைசியாக ஒருதரம் தொடவேண்டும் என்று. அவருக்குப் பின்னால் அணி முழுவதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்படி மூடச் சொன்னது அம்மாதான் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை பேர் வந்து இடக்கையைத் தொட்டால் ஏன் என்று கேட்பார். மகன் உயிரோடு இருந்தவரைக்கும் காத்த ஒன்றை நான் அவனுடைய தலைமாட்டில் வைத்தே போட்டு உடைப்பதா? முடியாது என்று சொன்னேன். எங்கள் முறை அப்படி என்றேன். கதிரைக்காரி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனார். அவர்களையும் தொடவிடவில்லை, நானும் தொடவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை கிரியை. அணிக்காரர் கறுப்புக் கோட்டுகளோடு பின்னால் நின்றார்கள். தேவாரம் பாடி முடிந்ததும் எண்ணெய் அரப்பு வைக்க உறவுக்காரரை அழைத்தார்கள். ஒவ்வொருவராகப் போய் அறுகம்புல்லால் எண்ணெயைத் தொட்டுத் தலையில் வைத்துவிட்டு வந்தார்கள். கடைசியாக அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனார்கள். அவர் புல்லை எடுக்கவில்லை. எண்ணெயைக் கையிலேயே ஏந்தினார். தலையில் வைத்தார். பிறகு சால்வையை ஒரே இழுவையில் இழுத்துப் போட்டார்.

இடக்கை வெளியே வந்தது. அம்மா அந்தத் தோளைப் பிடித்தார். வெள்ளைச் சேட்டுக்கு மேலாகவே எண்ணெயைப் பூசி, பெருவிரலை அழுத்தித் தோள்மூட்டைச் சுற்றித் தேய்த்து, புயத்தால் இறக்கி, முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சநேரம் நின்று, மணிக்கட்டு வரைக்கும் உருவிக்கொண்டு வந்தார். கச்சரான எனக்குத் தெரியும், எறிகிறவனுக்கு எங்கெங்கே நோகும் என்று. அந்த இடங்களில்தான் அவருடைய விரல் நின்றது. தேடவே இல்லை. இருட்டில் வீட்டுச் சுவிச்சைப் போடுகிறவர் மாதிரி நேரே போனது.

“அம்மா, தலைக்கு மட்டும் போதும்,” என்றார் ஐயர்.

“இவனுக்கு இதிலைதான் ஐயா நோகிறது,” என்றார் அம்மா.

கிட்டப் போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“உங்களுக்குத் தெரியுமோ அம்மா?”

“ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து, வேலையில பெட்டி தூக்கினது, தோள் நோகுது, எண்ணெய் போட்டுவிடுங்கோ எண்டுவான். பெட்டி தூக்கினா ரெண்டு தோளுமெல்லோ நோகவேணும். ஒவ்வொரு ஞாயிறும் இது மட்டும் நோகுமோ? நான் பெத்தனான் தம்பி.”

“பிறகேன் கையை மூடச் சொன்னனீங்கள்?”

“அவன் எனக்கு ஒளிச்சது. எனக்குத் தெரியுமெண்டு தெரிஞ்சா வெக்கப்பட்டு விளையாட்டை விட்டிடுவான் எண்டு நானும் வாயைத் திறக்கேல்லை. செத்தாப்பிறகு அதை நான் ஊருக்குக் காட்டலாமோ? நேற்று அந்தச் சனமெல்லாம் வந்து தேடிப்போட்டுப் போகுதுகள். எனக்குப் பொறுக்கேல்லை.”

நான் காத்த இரகசியத்தை எனக்கு எதிர்ப்பக்கத்தில் இருந்து அவரும் காத்து வந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கையை மூடிக்கொண்டு இருந்திருக்கிறோம். அப்படியே நின்று அழுதேன்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? அவையை வரச்சொல்லு,” என்றார்.

அவர்கள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நின்ற அதே வரிசை. ஒவ்வொருவராக அந்த இரண்டு விரலையும் தொட்டார்கள். எண்ணெயில் விரல்கள் வழுக்கின. கதிரைக்காரி தொப்பியைக் கழற்றிவிட்டுத் தொட்டார். அம்மா தலைமாட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வரிசை வாசல்வரை நீண்டு கிடந்தது. தான் அடித்து மாற்றிய கைக்கு இத்தனை பேரா என்று பார்த்தாரோ என்னவோ, அவருடைய வாய் கொஞ்சம் திறந்தபடியே இருந்தது.

நான் கடைசி ஆள். தொட்டுவிட்டு நிமிர்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு வருடமும் ஒருவரிடமும் கேட்க முடியாமல் இருந்ததை அப்போதுதான் கேட்டார்.

“தம்பி, நல்லா எறிவானோ?”

தேசிக்காய் கதையா சொல்வது? என் இடக்கையை விரித்து, வீங்கிக் கோணிப்போன சுட்டுவிரலைக் காட்டினேன். “அவன் எறிஞ்சதைப் பிடிச்சுத்தான் அம்மா.”

அவர் அந்த மூட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். என் முகம் சுளிப்பதையும் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டை வா,” என்றார். “போத்திலில இன்னும் எண்ணெய் கிடக்கு.”