பரோலில் வந்தவர் வராத பொங்கல்

வரப்புத் தகராறில் என் கணவர் அடித்த ஆள் இறந்துபோனார். ஆயுள் தண்டனை. இதில் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. காரைக்கால் பக்கம் எங்கள் ஊர் குரும்பகரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இறந்தவரின் மனைவி எங்கள் தெருவின் மறுமுனையில் இருக்கிறாள். அவளும் தனி, நானும் தனி. குழாயடியில் பார்த்தால் இருவருமே தலையைக் குனிந்துகொள்வோம்.

தீர்ப்பு வந்தபோது இருந்த விதிப்படி, சில வருடம் உள்ளே ஒழுங்காக இருந்தால் அவர் பரோல் கேட்கலாம். அதை நம்பித்தான் காலத்தை ஓட்டினேன். வருடங்கள் முடியும் நேரத்தில் விதியை மாற்றினார்கள். கொலை வழக்கு என்றால் இன்னும் பல வருடம் கழித்துத்தான் கேட்க முடியுமாம். பந்தயத்தில் ஓடுகிறவன் கிட்டே வந்ததும் எல்லைக்கோட்டை அழித்துத் தள்ளிப் போடுவதற்கு இதென்ன விளையாட்டா? வந்த கோபத்தில் அன்று உலையே வைக்கவில்லை. வைத்தாலும் சாப்பிட நான் ஒருத்திதான்.

காரைக்காலில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தேன்.

"பரோல் உரிமை இல்ல, சலுகைன்னு சொல்வாங்கம்மா. ஆனா உள்ள இருக்கறவரும் இந்த நாட்டுக் குடிமகன்தான். தண்டனை குடுத்தப்புறம் வந்த விதியை அவர் தலையில கட்டுனா, தண்டனையைக் கூட்டுன மாதிரி ஆகாதா? அரசியல் சட்டம் அதுக்கு இடம் குடுக்குதான்னு கேப்போம்."

"கேட்டா குடுத்துருவாங்களா?"

"கேக்காம விட்டா குடுக்கவே மாட்டாங்க."

கோர்ட்டில் கேட்டார். வழக்கு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில், பழைய விதிப்படியே அவர் மனுவைப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பானது. பொங்கலுக்குப் பரோல் கிடைத்தது. வீட்டுக்கு வெள்ளையடித்தேன். அவருக்குப் பிடிக்கும் என்று மொச்சையும் சர்க்கரைவள்ளியும் வாங்கி வைத்தேன். என்ன விசேஷம் என்று தெருவில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காதது வலித்தது.

போகியன்று பாண்டிக்குப் போய், ஜெயில் வாசலில் நின்றேன். கையில் ஒரு பையோடு வந்தார். தாடை எலும்பு தெரிந்தது. இருவரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். காரைக்கால் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவர் ஏறவில்லை.

"புதுச்சேரி பிரதேச எல்லையைத் தாண்டக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க" என்றார்.

"காரைக்காலும் நம்ம பிரதேசந்தானேங்க?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்துவிட்டது. பாண்டியிலிருந்து எந்த பஸ் ஏறினாலும் கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் எங்கள் ஊருக்கு வர வேண்டும். அதை விட்டால் கடல்தான்.

வக்கீலம்மாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "எல்லாருக்கும் போடற நிபந்தனைம்மா. காரைக்காலை யாரும் நெனைச்சே பாக்கல. நானும் படிச்சுட்டு விட்டுட்டேன். திருத்தம் கேக்கலாம், ஆனா கோர்ட்டுக்குப் பொங்கல் லீவு முடிஞ்சுதான் முடியும். அதுக்குள்ள அவர் ஊருக்குப் போயி, யாராச்சும் புகார் குடுத்துட்டா, அடுத்த பரோலே கெடைக்காது."

லீவு முடிகிற அன்று பரோலும் முடிந்துவிடும்.

"யாருங்க பாக்கப் போறா? தலையில துண்டைப் போட்டுக்கிட்டு ஏறுங்க" என்றேன். பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் கத்தினேன். "உங்களுக்கு வீட்டுக்கு வரவே இஷ்டமில்ல, அதைச் சொல்லுங்க!"

அவர் கோபப்படவில்லை. முன்பெல்லாம் சட்டென்று கை ஓங்குகிற மனுஷர்.

"ஒரு வரப்பைத் தாண்டுனது போதும்" என்றார். "நான் இங்கயே உன் சித்தி மக வீட்டுல இருந்துக்கறேன். நீ போ. மாடு கன்னு போடற நேரம்."

மாட்டைப் பார்த்துக்கொள்ள ஊரில் எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்? ஏறினேன். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டேன்.

பாண்டி எல்லையைத் தாண்டியபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். யாராவது ஏறி, யார் எங்கே போகிறார்கள் என்று விசாரிப்பார்கள், இந்த மனுஷர் சொன்னது சரிதான் என்று மனது ஆறும் என்று காத்திருந்தேன். ஒருவரும் ஏறவில்லை. பொறையாறு தாண்டி எங்கள் எல்லை வந்தபோதும் அப்படித்தான். கண்டக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். பஸ் வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அப்போதுதான் அழுதேன்.